கோழியின் மேனியில் வாழும் சிற்றுயிர்களும் இல்லறத்தார் கடமையும்

அறங்களுக்கெல்லாம் தலையாயது கொல்லாமை என்பதை நம் குடும்பங்களில் பிறந்த குழந்தையும் அறியும். ஆடு, மாடு முதலிய பேருயிர்களைக் கொல்லலாகாது என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. ஐயம் எழுவதெல்லாம் சிற்றுயிர்களிடத்தேதான். ஓருயிரைக் காக்க முற்படுங்கால், அதன் மேனியிலேயே ஒட்டி வாழும் மற்றோர் உயிருக்குத் தீங்கு நேருமாயின் இல்லறத்தான் என் செய்வது? இவ்வினாவை ஏட்டளவில் நிறுத்தாமல், நம் ஊர்களில் கண்கூடாகக் காணும் ஒன்றை வைத்து ஆராய்வது பயன் தரும். ஆதலின் கோழியையும், அதனைப் பற்றி வாழும் பேன், செள்ளு, உண்ணி முதலியவற்றையும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

கோழி வளர்ப்பு நமக்குரிய தொழிலன்று. முட்டைக்காகவோ ஊனுக்காகவோ கோழியைப் பேணுவது நம் ஒழுக்கத்திற்குப் பொருந்துவதுமில்லை. ஆயினும் வேளாண்மை செய்யும் ஊர்களில் கோழி நம் வாயிலுக்கு வாராமலில்லை. பருந்தின் பிடியினின்று தப்பிய குஞ்சு ஒன்றைப் பிள்ளைகள் எடுத்து வந்து வளர்ப்பதுண்டு. அறுப்பிற்குப் போகவிருந்த கோழியைப் பொருள் கொடுத்து மீட்டு, அதன் வாழ்நாள் முடியும்வரை தோட்டத்தில் வைத்துக் காப்பதும் உண்டு. அவ்வாறு ஓர் இல்லத்தில் நான்கைந்து கோழிகள் அடைக்கலமாக இருக்கின்றன எனக் கொள்வோம். சில திங்கள் கழிகின்றன. கோழிகள் இரவில் கூண்டிற்குள் செல்ல மறுக்கின்றன. கொண்டை வெளுக்கிறது. ஓயாது இறகைக் கோதுகின்றன, தீனி குறைகிறது. விளக்கேற்றிக் கூண்டைப் பார்த்தால், கழியின் அடியிலும் பலகை இடுக்கிலும் செந்நிறப் புள்ளிகள் மொய்த்து ஊர்கின்றன. அவை செள்ளுகள். அவற்றுள் இருக்கும் சிவப்பு, அக்கோழிகளின் குருதி.

இச்சிற்றுயிர்கள் யாவை?

வினாவிற்கு விடை காணுமுன் இவற்றின் இயல்பை அறிதல் வேண்டும். அறியாமற் செய்யும் இரக்கமும் அறியாமற் செய்யும் கொலையைப் போலவே தீங்கில் முடியலாம்.

கோழிப்பேன் ஆறு கால்களையுடையது. அதன் பிறப்பு, வாழ்வு, இறப்பு அனைத்தும் கோழியின் மேனியிலேயே நிகழ்கின்றன. இறகின் அடியில் முட்டைகளைக் கொத்தாக ஒட்டி வைக்கும்; ஏறத்தாழ மூன்று கிழமையில் அடுத்த தலைமுறை உருவாகிவிடும். இறகின் துகளையும் தோலின் செதிலையும் தின்று வாழும். கோழியை விட்டு நீங்கினால் ஒரு கிழமைக்குமேல் உயிர் தரிப்பது அரிது.

செள்ளு எட்டுக் கால்களையுடையது, சிலந்தியினத்தைச் சார்ந்தது. செஞ்செள்ளு எனத்தக்க வகை பகலில் கூண்டின் இடுக்குகளில் மறைந்திருந்து, இரவில் வெளிப்பட்டுக் குருதி அருந்தி மீண்டும் இடுக்கிற்கே செல்லும். வெப்பமான பருவத்தில் ஏழெட்டு நாட்களில் ஒரு தலைமுறை முற்றுப்பெறும். குளிர்ந்த சூழலில் உணவின்றியே பல திங்கள் உயிரோடிருக்கும். இது பெருகினால் குஞ்சுகளும் அடைக்கோழிகளும் குருதி வற்றி இறப்பதுண்டு. செள்ளில் மற்றொரு வகை கால் செதில்களின் அடியில் துளைத்து வாழ்வது. அதனால் கால் தடித்துச் சொரசொரப்பாகிக் கோழி நொண்டும்.

கோழியுண்ணியும் இரவில் வந்து குருதி குடித்துச் செல்வதே. சுவரின் வெடிப்பிலும் மரப்பட்டையின் அடியிலும் ஒளிந்திருக்கும். கோழிகளுக்குக் கொடிய காய்ச்சலையும் பரப்ப வல்லது. தெள்ளுப்பூச்சியோ கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கூட்டமாகப் பற்றிக்கொண்டு அசையாது கிடக்கும்.

நம் ஆகமங்களில் பேன், எறும்பு முதலியன மூவறிவுயிர்களாக வைத்து எண்ணப்பட்டுள்ளன. கோழி ஐயறிவுயிர். இரண்டும் திரஸ ஜீவன்களே. இரண்டிற்கும் உயிர் இனிது. அறிவு மிக்க உயிருக்குச் செய்யும் தீங்கு மிகுந்த வினையைத் தரும் என்பது உண்மையே. அதனால் அறிவு குறைந்த உயிரை எளிதாகக் கொல்லலாம் என்று பொருளாகாது.

பிழைபட்ட இருவழிகள்

இந்நிலையில் மக்கள் வழக்கமாக மேற்கொள்வன இரண்டு வழிகள். இரண்டும் பிழைபட்டன என்பது எம் கருத்து.

முதலாவது, கடையில் கிடைக்கும் வலிய நஞ்சொன்றை வாங்கிக் கூண்டெங்கும் தெளித்துவிட்டு மனம் அமைதல். எளிதாகச் செய்யப்படும் கொலை எளிதாகவே பரவும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் நிகழ்ந்தது சான்று. நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் கோழிப்பண்ணைகளில் செஞ்செள்ளை ஒழிப்பதற்குத் தெளித்த மருந்தில், உணவுக்குரிய விலங்குகளிடம் பயன்படுத்தக் கூடாதெனத் தடுக்கப்பட்டிருந்த ஃபிப்ரோனில் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அது முட்டைக்குள் சென்றது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான முட்டைகள் அழிக்கப்பட்டன, பண்ணைகள் மூடப்பட்டன, கோழிகளே கொல்லப்பட்டன. செள்ளைக் கொல்ல எடுத்த நஞ்சு, செள்ளு எவற்றைத் துன்புறுத்துகிறதோ அக்கோழிகளின் சாவிலேயே முடிந்தது.

இரண்டாவது வழி, பாவத்திற்கு அஞ்சி ஒன்றும் செய்யாதிருத்தல். "கோழி அதன் வினைப்பயனை நுகர்கிறது, செள்ளு அதன் உணவை உண்கிறது, இடையே புகுந்து நாம் ஏன் பாவத்தை ஏற்க வேண்டும்?" என்பர். கேட்பதற்கு இது அறமொழி போலவே தோன்றும். ஆயின் ஆராய்ந்தால் நில்லாது. துன்புறும் உயிரை அதன் வினைக்கு விட்டுவிடுவதே அறமாயின், தாகத்தால் வாடுபவனுக்குத் தண்ணீர் தருவதும் தவறாகும். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனையை நம் சமயத்தார் நடத்தி வருகின்றனர். அடிபட்ட புறாவின் சிறகைக் கட்டும் கைகள் அதன் வினைக்கணக்கைப் பார்த்து நிற்பதில்லை.

இவ்விடத்தில் மற்றொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முனிவர்கள் வெல்லுதற்குரிய இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஈ, கொசு முதலியவற்றின் கடியைப் பொறுத்தலும் ஒன்று. தம் மேனியில் ஊர்வதையும் கடிப்பதையும் விலக்காது, மனம் கலங்காது அமர்ந்திருக்கும் முனிவரை நாம் வணங்குகிறோம். அவர்தம் பொறுமை போற்றுதற்குரியது; ஏனெனில் அதனை அவரே விரும்பி ஏற்றார். அறிந்து ஏற்றதனால் அது தவம். கூண்டிலிருக்கும் கோழி எவ்விரதத்தையும் ஏற்கவில்லை. கூண்டின் கதவை மாலையில் சாத்துபவர் நாம். அது பறந்து வேறு மரத்திற்குச் செல்ல இயலாதபடி செய்துவிட்டு, அதன் குருதியைச் செள்ளுக்கு உணவாக விட்டுவைத்து, அதற்குக் கொல்லாமை என்று பெயரிடுவது தகுமோ? நம் விரதத்தின் சுமையை மற்றோர் உயிரின் முதுகில் ஏற்றுவதாகவே அது முடியும். பொறுத்தது கோழி, புண்ணியம் நமக்கு என்பது எந்நூலிலும் இல்லாத கணக்கு.

அமிர்தசந்திரரின் தடை

அவ்வாறாயின் கோழியைக் காக்கச் செள்ளைக் கொல்வது அறமே என்று முடிவு செய்துவிடலாமோ? அதற்கும் நம் ஆசிரியர்கள் இடந்தரவில்லை. அமிர்தசந்திரர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், பல உயிர்களைக் கொல்லும் ஓருயிரைக் கொன்றால் பலவற்றைக் காக்கலாம் என்னும் வாதத்தை எடுத்து மறுக்கிறார். துன்புறும் உயிரைக் கொன்று துன்பந் தீர்ப்பதாகக் கூறுவதையும் மறுக்கிறார். ஆகவே எண்ணிக்கையைக் காட்டியோ இரக்கத்தைக் காட்டியோ கொலைக்கு அறத்தின் முத்திரையைப் பெற்றுவிட இயலாது. செள்ளு நமக்குப் பகையுமன்று. அதற்கு வஞ்சம் இல்லை. தனக்கு வாய்த்த உணவை உண்கிறது. எனவே இதனை விரோதி ஹிம்சை என்று கூறி அமைவதும் எளிதன்று.

நீரை வடிகட்டும் நம் வழக்கம் இங்கு உதவுமோ எனவும் நோக்குவோம். கிணற்று நீரை வடிகட்டியபின், துணியில் தங்கிய உயிர்களை அதே கிணற்றில் கொண்டுபோய் விடுகிறோம். அவற்றிற்கு அங்கே வீடு இருக்கிறது. குஜராத்தில் சில பாஞ்சராப்போல்களில் தானியப் பூச்சிகளுக்கெனத் தனி அறை வைத்துக் காத்ததும் உண்டு. அவற்றிற்குத் தானியம் போதும். பேனுக்கோ மற்றொரு கோழியின் மேனியைத் தவிர வேறு வீடில்லை. அதனை எடுத்து மண்ணில் விடுவது மெல்லக் கொல்வதே. வேறொரு கோழியின்மேல் விடுவது துன்பத்தை இடம் மாற்றுவதே.

ஆகவே செள்ளு பெருகிவிட்ட பிறகு, ஒரு குற்றமும் இல்லாத வழி என ஒன்று எஞ்சவில்லை. நஞ்சிட்டாலும் வினை, வாளாவிருந்தாலும் வினை. இம்முட்டுச்சந்தில் வந்து நின்று "எது குறைந்த பாவம்?" என வினவுவதைவிட, இச்சந்திற்கு நாம் எவ்வாறு வந்து சேர்ந்தோம் என வினவுவதே தெளிவு தரும்.

தோன்றாமற் காத்தல்

திகம்பர முனிவர்கள் இரண்டு முதல் நான்கு திங்களுக்கு ஒருமுறை கேசலோசம் செய்துகொள்வதை நாம் கண்டிருக்கிறோம். அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. முடி வளர விட்டால் அதிற் பேன் தோன்றும். தோன்றினால் சொறிதலாலும் சீவுதலாலும் அவற்றிற்குக் கேடு நேரும். ஆதலின் அவை தோன்றுதற்கே இடந்தராமல், அதற்குரிய நோவைத் தாமே ஏற்கின்றனர். பேனைக் கொல்வதா, பொறுப்பதா என்னும் வினா எழும் முன்னரே அதனை அவர்கள் தீர்த்துவிடுகின்றனர். கொல்லாமையின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. பிறந்த உயிரைக் கொல்லாதிருப்பது ஒரு நிலை. கொல்ல நேரும் சூழலைத் தன் முயற்சியால் உண்டாகாமற் செய்வது அதனினும் உயர்ந்த நிலை.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையின் இலக்கணத்தைக் கூறுமிடத்துப் பிரமாதம் என்பதை முன்வைக்கிறது. கவனமின்மையோடு கூடிய செயலால் உயிருக்குக் கேடு நேர்வதே ஹிம்சை என்பது அதன் கருத்து. கோழிக்கூண்டில் இக்கவனமின்மை என்பது யாது? ஆறு திங்களாகக் கூட்டாத தரை, மாற்றாத வைக்கோல், சுண்ணாம்பு காணாத சுவர், இருவர்க்குரிய இடத்தில் ஐவரை அடைத்த நெருக்கம். இரவில் மரங்களில் அடையும் காட்டுக்கோழிக்குப் பலகை இடுக்கும் மக்கிய வைக்கோலும் நிறைந்த வீடில்லை. ஆதலின் இடுக்கில் ஒளிந்து பெருகும் செஞ்செள்ளுக்கு அங்கே வாய்ப்பும் குறைவு. நரிக்கும் கீரிக்கும் அஞ்சிக் கூண்டு அமைத்தோம், அது நன்றே. ஆயின் அக்கூண்டோடு செள்ளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தோம்.

இதற்கு அறிவியலார் தரும் சான்றுகளும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அலகு வெட்டப்பட்ட கோழிகளிடம் ஒட்டுண்ணிகள் மிகுந்து பெருகுவதையும், அலகு முழுமையாக உள்ள கோழிகள் இறகைக் கோதியே அவற்றைக் கட்டுக்குள் வைத்திருப்பதையும் காட்டினர். 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு, தக்க பொடி இட்ட பெட்டியில் புழுதிக் குளியலாடிய கோழிகளிடம் பேனும் செள்ளும் வெகுவாகக் குறைந்ததை எடுத்துரைத்தது. கோழிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. அலகை வெட்டியும் மண்ணைப் பறித்தும் அவ்வழியை அடைத்துவிட்டுப் பின்னர் நஞ்சைத் தேடுவது மனிதரே.

ஆகவே அடைக்கலமாகக் கோழி வைத்திருக்கும் இல்லத்தார் தொடக்கத்திலேயே செய்யத்தக்கன சில. கூண்டில் இடுக்குகள் குறைவாக இருக்கட்டும். வெடிப்புகளை அடைத்து அவ்வப்போது சுண்ணாம்பு அடித்து வருக. அமரும் கழி வழவழப்பாகவும் எளிதில் கழற்றி வெயிலில் வைக்கத்தக்கதாகவும் இருக்கட்டும். தரையை நாள்தோறும் கூட்டி, வைக்கோலை அடிக்கடி மாற்றுக. நிழலில் ஒரு குழியோ அகன்ற பெட்டியோ அமைத்து உலர்ந்த மண்ணும் மணலும் அடுப்புச் சாம்பலும் இட்டால், கோழி தானே ஆடிக்கொள்ளும். மழையில் அது நனையாதபடி மேலே ஒரு கூரை வேண்டும். புதிதாக வரும் கோழியை மூன்று கிழமையேனும் தனியே வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்க்க. கிழமைக்கு ஒருமுறை வாலடியிலும் செட்டையின் கீழும் இறகை விலக்கிப் பார்க்க. இரவில் கழியின் அடிப்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் செஞ்செள்ளு இருப்பின் துணியே காட்டிவிடும்.

இவையெல்லாம் சிறு வேலைகள் எனத் தோன்றலாம். நடக்கும்போது நான்கு முழம் முன்னே பார்த்து அடியெடுத்து வைப்பதும், பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மயிற்பீலியால் துடைப்பதும் முனிவர்க்குச் சமிதியாக விதிக்கப்பட்டன. கூண்டைக் கூட்டுவது இல்லறத்தானுக்கு அத்தகையதோர் எச்சரிக்கையே.

பெருகிவிட்ட பின்

எத்துணை எச்சரிக்கையாக இருப்பினும், சிட்டுக்குருவி முதலிய பறவைகள் வாயிலாகவும் செள்ளு வந்து சேரும். மீட்டு வந்த கோழி ஏற்கெனவே பேனால் நிறைந்தும் இருக்கலாம். அப்போது என் செய்வது? கோழியை அதன் துன்பத்தில் விட்டுவிடாமல் மருத்துவம் செய்வதே இல்லறத்தான் கடமை என்பது எம் துணிபு. அதனையும் மூன்று நெறிகளுக்கு உட்பட்டுச் செய்தல் வேண்டும்.

முதல் நெறி, காலந் தாழ்த்தாமை. வெப்பக் காலத்தில் ஏழெட்டு நாட்களுக்கு ஒரு தலைமுறை என்னுங்கால், நாம் தயங்கும் ஒவ்வொரு கிழமையும் மடியும் உயிர்களின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. பாவத்திற்கு அஞ்சித் தள்ளிப் போடுபவரே முடிவில் பெருங்கொலைக்கு ஆளாகின்றனர்.

இரண்டாம் நெறி, அளவு. எவ்வளவு தேவையோ அவ்வளவே. கூண்டைக் கழுவி வெயிலில் காய வைத்தலும், சாம்பற் குளியலும் போதுமாயின் நஞ்சை நாடலாகாது. செதில் தடித்த காலுக்கு எண்ணெய் பூசினால் போதுமாயின் அதனோடு நிற்க. கோழி தளர்ந்துவிட்டால் மட்டும் கால்நடை மருத்துவரை நாடி, அவர் கூறும் மருந்தை அவர் கூறும் அளவில் இடுக. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கோழியின்மேல் தெளிப்பது அதனையும் கொல்வதாக முடியலாம்.

மூன்றாம் நெறி எல்லாவற்றிலும் கடினமானது. செய்ததைச் செய்ததாக ஒப்புதல். கூண்டைக் கழுவுகையில் மடியும் உயிர்கள், வீட்டைத் தூய்மை செய்கையில் மடியும் உயிர்களைப் போல ஆரம்பி ஹிம்சையில் அடங்கும் என்று கூற இடமுண்டு. இல்லறத்தான் சங்கல்பி ஹிம்சையை முற்றிலும் விட்டவன். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைப்பவன். அவனுடைய விரதம் அணுவிரதம் எனப்படுவது இதனால்தான். ஆனால் விலக்கு உண்டு என்பது வினை இல்லை என்றாகாது. அன்று மாலை பிரதிக்கிரமணத்தில் அச்சிற்றுயிர்களையும் நினைந்து வருந்துதல் வேண்டும். கோழியைக் காத்த மகிழ்ச்சி இவ்வருத்தத்தை விழுங்கிவிடக் கூடாது. இவ்வருத்தம் கோழியைக் காக்கும் கையைத் தடுத்துவிடவும் கூடாது.

இதனோடு ஒன்றைச் சேர்த்துக் கூறாமலிருத்தல் இயலாது. நம் இல்லங்கள் சிலவற்றில், கை படக் கூடாத வேலையைத் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே சென்றுவிடும் வழக்கம் உண்டு. "என்னவோ செய்து சரிசெய்துவிடு" என்று கூறி, அவர் எந்நஞ்சை எவ்வளவு தெளித்தார் என்பதைக் கேளாமலே நாம் தூயவராகிவிட்டதாக நினைக்கிறோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள் என நம் நூல்கள் கூறுவதை இங்கு மறந்துவிடுகிறோம். பிறர் கையால் நிகழ்ந்தது நம் வாய்ச்சொல்லால் நிகழ்ந்ததே. அதற்குமேல், நஞ்சை முகர்ந்த அம்மனிதரின் உடல்நலமும் நம் கணக்கில் ஏறுகிறது.

யசோதர காவியத்தை நாம் அறிவோம். மன்னன் பலியிட்டது மாவினாற் செய்த கோழியையே; அதில் குருதி இல்லை. எனினும் கொல்லும் எண்ணம் அவனையும் அவன் தாயையும் விலங்குப் பிறவிகளில் செலுத்திற்று. ஒரு பிறவியில் அவர்கள் கோழிகளாகவே பிறந்தனர். உயிர் போகாதவிடத்தும் வினை ஒட்டும் என்பதை அக்கதை காட்டுகிறது. அதன் மறுபக்கத்தையும் நாம் எண்ணுதல் வேண்டும். கையால் ஒன்றும் செய்யாதவன் உள்ளத்தில் அசட்டை இருப்பின், அவனுடைய தூய கையும் அவனைக் காவாது.

கோழி இல்லாத இல்லங்களுக்கும் இவ்வாராய்ச்சி உரியதே. உழவு மாட்டின் மேனியில் உண்ணி இருக்கிறது. பள்ளி செல்லும் பெண்ணின் கூந்தலில் பேன் இருக்கிறது. நெற்குதிரில் அந்து இருக்கிறது. இவற்றுள் ஒவ்வொன்றிலும், கொல்வதா விடுவதா என்னும் வினா நம்மை வந்து அடையும் முன்னரே, நாம் கூட்டத் தவறிய தரை ஒன்றும், பார்க்கத் தவறிய நாட்கள் சிலவும் இருக்கும். அவற்றைத் தேடித் திருத்துவதே நமக்கு இயன்ற கொல்லாமை. இன்று மாலை மாட்டுக் கொட்டிலையும் குதிரையும் கூண்டையும் ஒருமுறை விளக்கேந்திப் பார்த்து வருவோமாக.